நகராட்சியின் முதல் மின்வண்டி எது? பேட்டரி வண்டி, கார், காம்பாக்டர்: ஓர் ஒப்பீடு

கவுன்சிலராக இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் போனில் கேட்டார்: "எங்க நகராட்சியில பதினஞ்சு வருஷம் முடிஞ்ச வண்டி ஏழு நிக்குது. ஆணையருக்குக் கார் மாத்தணும். சுகாதாரப் பிரிவு பேட்டரி வண்டி கேக்குது. ஒரு கம்பெனிக்காரர் மின்சார காம்பாக்டரைக் கொண்டுவந்து காட்டிட்டுப் போயிருக்கார். இருக்கிற பணத்துல எதை முதல்ல எடுக்கறது?"

(காம்பாக்டர் என்பது குப்பையை அமுக்கி ஏற்றும் லாரி.) இதே கேள்வியை வேறு ஊர்களிலிருந்தும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இப்போது இது எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. உள்ளாட்சி வண்டிகளும் அதில் அடக்கம். ஆகவே, மின்சாரத்துக்கு மாறுகிறோமோ இல்லையோ, பழைய வண்டிக்குப் பதில் ஏதோ ஒன்றை வாங்கித்தான் ஆக வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஊர்களில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் சிறிய பேட்டரி வண்டிக்குத்தான் முதல் இடம். ஆனால் அதை வாங்கும் விதத்திலும், இரவில் நிறுத்தும் விதத்திலும்தான் நாம் தடுக்கி விழுகிறோம்.

பேருந்து இந்த ஒப்பீட்டில் இல்லை. தமிழ்நாட்டில் நகரப் பேருந்து மாநகராட்சியின் கையில் இல்லை, அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் கையில் இருக்கிறது. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் கிளம்பியபோது, அவற்றை இறக்கியது மாநகர் போக்குவரத்துக் கழகம். ஆனாலும் பேருந்து ஒப்பந்தங்களிலிருந்து ஒரு நகராட்சி கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதை வைத்து அளப்பது

மின்வண்டி வாங்கும்போது விலை அதிகம், ஓடும்போது செலவு குறைவு. எனவே தினமும் அதிகம் ஓடும் வண்டிதான் போட்ட பணத்தைச் சீக்கிரம் திருப்பித் தரும். நின்றுகொண்டே இருக்கும் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றுவதில் பெரிய மிச்சம் கிடையாது. அதனால் முதல் அளவுகோல் தினசரி கிலோமீட்டர். லாக் புத்தகத்தை மட்டும் நம்பாமல், மூன்று நாள் ஓடோமீட்டரை நேரில் பார்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, வண்டி இரவில் எங்கே நிற்கிறது, அங்கே எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பது. மூன்றாவது, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள். பக்கத்து ஊரிலேயே ஆள் உண்டா, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமா? நான்காவது, பேட்டரி தீர்ந்துபோகும் நாளில் யார் பணம் கொடுப்பது. ஐந்தாவது, புயல் வந்து மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டால் அந்த வண்டி இல்லாமல் ஊர் தாங்குமா?

இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன், அதைத் திட்ட அறிக்கைகளில் நான் பார்ப்பதே அரிது. அந்த வண்டியை ஓட்டுகிறவரின் உடம்புக்கு என்ன ஆகிறது?

கணக்குக்காக டீசல் லிட்டர் 92 ரூபாய், மின்சாரம் யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பேட்டரி வண்டி

ஒரு நாள் காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஒரு வார்டு ஷெட்டில் போய் நின்றேன். பத்துப் பன்னிரண்டு பேட்டரி வண்டிகள் வரிசையாக நின்றன. சுவரில் இருந்தது ஒரே சுவிட்ச் போர்டு. அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பெட்டி என்று ஈரத் தரையில் வயர்கள் ஓடின. மூன்று வண்டிகளின் சார்ஜரில் பச்சை விளக்கு வரவே இல்லை. ராத்திரி எப்போதோ கரண்ட் ட்ரிப் ஆகியிருக்கிறது, பார்க்க ஆள் இல்லை. அந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிய அம்மா, "இன்னைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாது, ரெண்டு தெரு விட்டுடும்" என்றார். ஒன்பது மணிக்கு அவரை மறுபடி பார்த்தேன். பாலம் ஏறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், குப்பை நிரம்பிய வண்டியை அவரும் இன்னொருவரும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அதே அம்மாவிடம், முன்பு மிதித்து ஓட்டிய மூன்றுசக்கர வண்டியே தேவலையா என்று கேட்டேன். "ஐயோ வேணாம்" என்றார் உடனே. "அதுல முட்டி போயிடுச்சு. இது ஓடுற நாள்ல சொர்க்கம்."

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சரியாகப் போட வேண்டும். பல ஊர்களில் பேட்டரி வண்டி டீசல் வண்டிக்குப் பதிலாக வரவில்லை, மிதித்து ஓட்டும் மூன்றுசக்கர வண்டிக்குப் பதிலாக வந்தது. மிதிவண்டி ஒரு சொட்டு டீசலும் குடிப்பதில்லை. ஆகவே அங்கே டீசல் மிச்சம் பூஜ்ஜியம். மின்கட்டணம் புதுச் செலவு. மிச்சமானது ஒரு தூய்மைப் பணியாளரின் முழங்காலும் முதுகும். இதைத் தீர்மானத்தில் அப்படியே எழுதலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. இல்லாத டீசல் மிச்சத்தைக் காட்டி வாங்கினால், இரண்டாவது வருடம் தணிக்கையில் யாராவது கேட்பார்கள்.

மினி டிப்பருக்குப் பதிலாக வாங்கினால் கதை வேறு. குப்பை எடுக்க நின்று நின்று ஓடும் டீசல் மினி டிப்பர் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால், 40 கிலோமீட்டருக்கு 4 லிட்டர், ஏறத்தாழ 370 ரூபாய். அதே தூரத்துக்கு மின் மூன்றுசக்கர வண்டிக்கு 5 யூனிட் போதும், 45 ரூபாய். ஆனால் இங்கே அவசரப்படாதீர்கள். விதிப்படி இ-கார்ட் என்ற சிறிய மின் சரக்கு வண்டி வகை 310 கிலோ வரைதான் ஏற்றலாம், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு மினி டிப்பரின் குப்பைக்கு அது இரண்டு மூன்று ட்ரிப் அடிக்க வேண்டும், அல்லது கூடுதல் வண்டியும் கூடுதல் ஆளும் வேண்டும். டீசலில் மிச்சமாகும் 300 ரூபாய் ஓர் ஆளின் ஒரு நாள் கூலிக்குக்கூடக் காணாது. சுமையும் தூரமும் அதிகமான வார்டுகளுக்கு எல்-5 வகை (அதிகச் சக்தியுள்ள மூன்றுசக்கர) வண்டி வாங்க வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் பாலம் ஏறும்.

அப்புறம் பேட்டரி. டெண்டரில் 'பேட்டரி வண்டி' என்று மட்டும் எழுதினால் லெட்-ஆசிட் பேட்டரி போட்ட வண்டிதான் எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலைப்புள்ளியாக வரும், ஏனென்றால் அதுதான் மலிவு. தினமும் முழுக்கத் தீர்த்து மறுபடி ஏற்றும் வேலைக்கு அது ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் நிற்பது கடினம். டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்ற ஆள் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஆரம்பத்தில் விலை கூட. ஆனால் ஒழுங்காகச் சார்ஜ் செய்தால் ஐந்து வருடத்துக்கு மேல் உழைக்கும், எடையும் குறைவு. ஐந்து வருடத்தில் லெட்-ஆசிட் செட்டை மூன்று முறை மாற்றும் செலவைக் கூட்டிப் பார்த்தால் மலிவு வண்டி மலிவாக இருக்காது. எந்த வகை பேட்டரி, எத்தனை வருட வாரண்டி, பழைய பேட்டரியை யார் திரும்ப எடுத்துக்கொள்வது என்ற மூன்றையும் டெண்டர் ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல்தான் வைக்கின்றன. சிறிய மின்வண்டி பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ்.-156 பாதுகாப்புத் தரத்தையும் குறிப்பிட மறக்காதீர்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு ஷெட்தான். வண்டிக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, சார்ஜ் போட இடத்துக்கு ஒதுக்காமல் விட்டால் நான் பார்த்த எக்ஸ்டென்ஷன் பெட்டிதான் மிஞ்சும். நுண் உரம் தயாரிக்கும் மையங்களின் வளாகத்தில் சார்ஜிங் வைப்பது பல ஊர்களில் வசதி. ஆனால் அந்த மையங்கள் பெரும்பாலும் ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு என்று தாழ்வான இடத்தில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னை பார்த்த வெள்ளத்தை நினைத்துக்கொண்டு, பிளக் பாயிண்டை இடுப்பு உயரத்துக்கு மேலே வையுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் தனி சுவிட்ச், தனி எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும். ராத்திரி ஒருமுறை சுற்றிப் பார்க்கக் காவலாளிக்குச் சொல்லிவையுங்கள். அதற்குப் பைசா செலவில்லை.

அதிகாரிகளின் கார்

இதைத்தான் முதலில் மாற்றத் தோன்றும். கொடியசைத்துப் படம் எடுக்க வசதி, வாங்குவதும் எளிது, ஜி.எஸ்.டி.யும் 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். ஆனால் கணக்கில் இது பலவீனமானது.

ஒரு நகராட்சிக் கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். டீசலில் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய், மின்சாரத்தில் ஒன்றரை ரூபாய். மாதம் 5,500 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 66,000. கார் விலையில் 4 லட்சம் வித்தியாசம் இருந்தால் அதை எடுக்கவே ஆறு வருடம் ஆகும். மாத வாடகைக்கு எடுத்த காராக இருந்தால் ஓட்டும் செலவு குறைவதன் பலன் வாடகைக்காரருக்குத்தான் போகும், வாடகையைப் புதிதாகப் பேசினாலொழிய.

2017-ல் ஒன்றிய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் அரசுத் துறைகளுக்காக 10,000 மின்கார்களுக்கு டெண்டர் விட்டது. ஒரு சார்ஜில் கார்கள் போகும் தூரம் போதவில்லை என்று 2018-லேயே அதிகாரிகள் குறை சொன்னார்கள். திட்டமிட்ட வேகத்தில் கார்கள் இறங்கவே இல்லை. இன்றைய கார்கள் அதைவிட எவ்வளவோ தூரம் போகின்றன, அந்தக் குறை இன்று பொருந்தாது. ஆனால் பயன்படுத்துகிறவரைக் கேட்காமல் மொத்தமாக வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது இன்றும் பாடம்தான்.

தினமும் 80, 100 கிலோமீட்டர் சுற்றும் கள வண்டி இருந்தால் (சுகாதார ஆய்வாளர், குடிநீர்ப் பொறியாளர் போன்றவர்களுடையது) அதை மாற்றுவது ஆணையரின் காரை மாற்றுவதைவிட நல்லது.

மின்சார காம்பாக்டர்

மூன்றில் இதுதான் என் மனதுக்குப் பிடித்த யோசனை. ஆனால் இன்றைக்கு எல்லா ஊருக்கும் இதைச் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை.

பிடித்ததற்குக் காரணம் அந்த லாரியின் வேலைதான். ஐம்பது அடிக்கு ஒருமுறை நிற்கும். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டுக் குப்பையை அமுக்கும். பக்கத்திலேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு இரண்டு பேர் தொட்டியைக் கவிழ்ப்பார்கள். அவர்கள் சுவாசிப்பது குப்பை நாற்றத்தோடு டீசல் புகையையும் சேர்த்துத்தான். மின்லாரி நிற்கும்போது புகை விடாது, பிரேக் போடும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்பவும் சேமிக்கும். நின்று நின்று போகும் வேலைக்கென்றே செய்தது போல இருக்கும்.

டீசல் காம்பாக்டர் லிட்டருக்கு 2.5 கிலோமீட்டர் என்றால், 60 கிலோமீட்டருக்கு 24 லிட்டர், சுமார் 2,200 ரூபாய். மின்லாரிக்குக் கிலோமீட்டருக்கு 2 யூனிட் என்று தாராளமாக வைத்தாலும் 120 யூனிட், 1,080 ரூபாய். தினம் 1,100 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு நான்கு லட்சத்தை எட்டும். மூன்றிலும் பெரிய மிச்சம் இதில்தான்.

ஆனால் வாங்கும் விலை டீசல் லாரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பேட்டரியின் எடை சுமக்கும் திறனைத் தின்னும். நம் குப்பையில் ஈரம் அதிகம், மழைக்காலத்தில் அது இன்னும் கனக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கைந்து லாரிக்கு ஒரே இரவில் சார்ஜ் ஏற்ற உயரழுத்த இணைப்பும் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டியிருக்கலாம். உயரழுத்த இணைப்பில் பயன்படுத்திய யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டினால் போதாது. ஒப்பந்தம் செய்த மின்தேவைக்கும் மாதாமாதம் கட்டணம் உண்டு, லாரி ஓடாமல் நின்றாலும் அதில் பெரும்பங்கு கட்டியாக வேண்டும். மாலை உச்ச நேரத்தில் சார்ஜ் போட்டால் அதற்குத் தனியாகக் கூடுதல் கட்டணம். இரவு பத்துக்கு மேல் தானாகத் தொடங்கும்படி சார்ஜரை அமைத்தால் இதில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம்.

2024 அக்டோபரில் தொடங்கிய ஒன்றிய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியத் திட்டத்தில் மின்லாரிகளுக்கு என்று 500 கோடி ரூபாய் தனியாக ஒதுக்கினார்கள். நீங்கள் வாங்க நினைக்கும் காம்பாக்டர் அதில் வருமா என்பதை விலைப்புள்ளி கேட்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | பேட்டரி வண்டி | கார் | காம்பாக்டர் |
|---|---|---|---|
| ஒரு வண்டிக்கு ஒரு நாள் எரிபொருள் மிச்சம் | மிதிவண்டிக்குப் பதில் என்றால் இல்லை. டிப்பருக்குப் பதில் என்றால் சுமார் 300 ரூபாய் | சுமார் 180 ரூபாய் | சுமார் 1,100 ரூபாய் |
| சார்ஜ் வசதி | சாதாரண இணைப்பு, ஒழுங்கான வயரிங் | ஒரு சுவர் சார்ஜர் | உயரழுத்த இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர் வேண்டியிருக்கலாம் |
| பழுது பார்ப்பது | உள்ளூரில் ஆள் கிடைக்கும் | டீலரிடம் | கம்பெனி ஆள் வர வேண்டும் |
| மறைந்த செலவு | பேட்டரி மாற்றம், கூடுதல் ட்ரிப் | பெரிதாக இல்லை | மின்தேவைக் கட்டணம், குறையும் சுமை |
| பணியாளருக்கு | மிகப் பெரிய நிம்மதி | வித்தியாசமில்லை | புகையிலிருந்து விடுதலை |
| புயல் நாளில் | சமாளிக்கலாம் | சிரமம் | மிகவும் சிரமம் |

கடைசி வரிக்கு ஒரு விளக்கம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அந்த நாட்களில் விழுந்த மரத்தை அகற்றவும் தண்ணீர் கொண்டுபோகவும் வண்டி ஓடியாக வேண்டும். ஜே.சி.பி., தண்ணீர் லாரி, கழிவுநீர் உறிஞ்சும் லாரி மூன்றையும் இப்போதைக்கு டீசலிலேயே விடுங்கள். கடற்கரையோர ஊர்கள் ஒரு பழைய காரையும் ஒரு டிப்பரையும், 15 ஆண்டு முடியாத வரை, கையில் வைத்திருப்பது நல்லது.

சொந்தமாக வாங்குவதா, கிலோமீட்டருக்குப் பணமா?

எந்த வண்டி என்று முடிவானதும் இந்தக் கேள்வி வரும். சொந்தமாக வாங்கினால் வண்டி நம்முடையது, ஓட்டுநர் நம்முடையவர், பேட்டரித் தலைவலியும் நம்முடையது. ஒப்பந்தக்காரரின் வண்டியை ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எடுத்தால் முதலில் பெரிய தொகை வேண்டாம், பேட்டரி தீர்ந்தாலும் வண்டி நின்றாலும் ஒப்பந்தக்காரர் பாடு. 2022-ல் ஐந்து நகரங்களுக்கு 5,450 மின்பேருந்துகளுக்காக ஒன்றாக டெண்டர் விட்டபோது, 12 மீட்டர் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 43.49 ரூபாய் வரை விலை இறங்கியது. பல ஊர் சேர்ந்து கேட்டால் விலை குறையும் என்பதற்கு அது நல்ல சாட்சி. தமிழ்நாட்டில் பக்கத்துப் பக்கத்து நகராட்சிகள் நான்கு சேர்ந்து ஒரே டெண்டர் விடுவதை ஏன் யோசிக்கக் கூடாது?

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2023 ஆகஸ்டில் மும்பையில் ஒப்பந்தக்காரர்களின் பேருந்துகளை ஓட்டியவர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். பல நாள் ஊர் தவித்தது. அதே மும்பையில் 2024 டிசம்பர் 9 அன்று குர்லாவில் ஒரு மின்பேருந்து கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் பாய்ந்தது, பலர் இறந்தார்கள். மின்பேருந்து ஓட்ட அந்த ஓட்டுநருக்குப் போதிய பயிற்சி கொடுக்கப்பட்டதா என்பதுதான் அப்போது பெரிய கேள்வியானது. மின்வண்டிக்குக் கிளட்ச் இல்லை, கால் வைத்ததும் இழுக்கும். இருபது வருடம் டீசல் டிப்பர் ஓட்டியவருக்கும் பயிற்சி வேண்டும். சொந்த வண்டியோ ஒப்பந்த வண்டியோ, பயிற்சி நாட்களுக்குச் சம்பளத்தோடு செலவு எழுதுங்கள்.

திருவனந்தபுரத்தில் ஸ்மார்ட் சிட்டி திட்டப் பணத்தில் மின்பேருந்துகளைச் சொந்தமாக வாங்கி, ஓட்டும் பொறுப்பைக் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பக்கம் கொடுத்தார்கள். 10 ரூபாய் டிக்கெட்டில் மக்கள் ஏறினார்கள். 2024 ஜனவரியில் போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ்குமார் இதில் லாபமில்லை என்றார், மேயர் ஆர்யா ராஜேந்திரன் ஏற்கவில்லை. வாங்கியவர் ஒருவர், ஓட்டுகிறவர் இன்னொருவர், டிக்கெட் விலையை முடிவு செய்கிறவர் மூன்றாமவர் என்று இருந்தால் கணக்கு யாருக்கும் சரியாக வராது.

கிலோமீட்டர் ஒப்பந்தம் போடுவதென்றால் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். வண்டி ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு? மின்கட்டணம் யார் தலையில்? தூய்மைப் பணியாளரின் சம்பளம், பி.எஃப். எல்லாம் அதில் எங்கே வருகிறது? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பேன். மலிவாக வரும் கிலோமீட்டர் விலை அந்தப் பணியாளரின் சம்பளத்தைக் குறைத்து வந்ததாக இருக்கலாம்.

பேட்டரி வண்டிகளைச் சொந்தமாக வாங்கி, ஐந்து வருடப் பராமரிப்பையும் அதே டெண்டரில் சேர்ப்பதுதான் நகராட்சிக்கு ஏற்றது. காம்பாக்டரைக் கிலோமீட்டர் கணக்கில் எடுப்பது பாதுகாப்பு. புது வகை லாரியின் ஆபத்தை ஒரு சின்ன நகராட்சி சுமக்க வேண்டாம்.

எந்த ஊருக்கு எது

சமதளத்தில் உள்ள, நெருக்கமான தெருக்கள் கொண்ட நகராட்சிக்கு யோசிக்கவே வேண்டாம், லித்தியம் பேட்டரி போட்ட சிறிய வண்டிதான். இன்னும் மிதிவண்டி ஓடுகிற ஊராக இருந்தால் அதற்கு முன் வேறு எந்த மின்வண்டியையும் வாங்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் இ-கார்ட் ஏறாது. எல்-5 வண்டியை முழுச் சுமையோடு உங்கள் ஊரின் மிகச் செங்குத்தான தெருவில் ஏற்றிக் காட்டச் சொல்லி, அதன் பிறகு பேசுங்கள். ஒரே பணிமனையில் இருபது, முப்பது லாரி நிற்கும் மாநகராட்சி காம்பாக்டரில் இரண்டை எடுத்து ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்க்கலாம்; சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி கிடங்குகள் வரை குப்பை போவது போலத் தினசரித் தூரம் அதிகமுள்ள ஊர்களுக்கு அந்தச் சோதனை சீக்கிரம் விடை தரும். காரைப் பொறுத்தவரை, பழையது பதிவு முடிந்து எப்படியும் மாற்ற வேண்டிய நாள் வரும்போது மின்காராக மாற்றினால் போதும்.

நண்பரின் ஊர் சமதளம், மிதிவண்டி இன்னும் பதினான்கு ஓடுகிறது. அவரிடம் சொன்னது இதுதான்: அடுத்த கூட்டத்தில் வண்டி வாங்கும் தீர்மானத்துக்கு முன்னால், இரண்டு ஷெட்டுக்கும் மின் இணைப்புத் திறனைக் கூட்டவும் வயரிங் செய்யவும் ஒரு தீர்மானம் போடுங்கள். மின்வாரியத்தில் மனு கொடுத்து, மதிப்பீடு வந்து, பணம் கட்டி, லைன் இழுக்க மாதங்கள் ஆகும். வண்டி அதற்குள் வந்துவிட்டால் எக்ஸ்டென்ஷன் பெட்டிதான்.